மஹிந்திரா தார் ஜீப்பில் காற்றுக் கம்ப்ரஸர் பொருத்தினேன்: முதலில் வயரைப் பாருங்கள்

#1 சாம்பல் தார், ஒயிட்ஃபீல்டு

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

வண்டி 2021 தார், டீசல், 255/65 ஆர்18 டயர். போன மழைக்காலத்தில் கோலார் பக்கம் ஒரு நண்பரின் நிலத்துக்குப் போனோம். மேடெல்லாம் வழுக்குப் பாறை. 32 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு)-யில் சக்கரம் சுற்றிச் சுற்றி ரப்பர் வாசம்தான் வந்தது. நான்கு டயரிலும் 18-க்கு இறக்கினோம். அதே மேட்டை முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஏறிவிட்டது. அந்த வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் காற்றை இறக்காமல் மண்ணில் கால் வைக்க மனசு வராது.

சிக்கல் திரும்பும்போதுதான். என்னிடம் இருந்தது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன பம்ப். முதல் டயருக்கு 12 நிமிடம். இரண்டாவது டயர் முடிந்து ஹோஸைக் கழற்றப் போனபோது பித்தளை முனை விரலைச் சுட்டுவிட்டது, இரண்டு நாள் கொப்புளம். மூன்றாவது டயர் பாதியில் சாக்கெட் ஃப்யூஸ் போய்விட்டது. இருட்டிக்கொண்டு வருகிறது, பின்சீட்டில் குழந்தைகள், இரண்டு டயர் சப்பை. நண்பர் ஊருக்குள் போய்ப் பஞ்சர் கடைக்காரரை அழைத்து வந்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், இதை ஒழுங்காக வண்டியிலேயே பொருத்திவிட வேண்டும் என்று.

பொருத்தியது இதுதான். இரட்டை சிலிண்டர் 12 வோல்ட் கம்ப்ரஸர், நிமிடத்துக்கு 72 லிட்டர் என்று மேலே போட்டிருக்கிறது, அதிகபட்சம் 30 ஆம்பியர் இழுக்கும். பானட்டுக்குள் வைக்கவில்லை. அங்கே என்ஜின் சூடு. கம்ப்ரஸரும் தன் சூட்டில் இருக்கும்போது இழுக்கிற காற்றும் சூடாக வந்தால் சீக்கிரம் தெர்மல் கட்-ஆஃப் ஆகி நின்றுவிடும். பின்சீட்டுக்குப் பின்னால் இடது ஓரத்தில் 3 மி.மீ. தகடு வைத்து, ரப்பர் புஷ் போட்டு உட்கார வைத்தேன்.

செலவும் நேரமும் கம்ப்ரஸருக்கு அல்ல, வயருக்குத்தான் போனது. பேட்டரியிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே 10 சதுர மி.மீ. காப்பர், பாடி எர்த்தை நம்பவில்லை. 30 ஆம்பியர் ஓடும்போது போக வர 10 மீட்டரில் அரை வோல்ட் விழும். 2.5 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால் 2 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போயிருக்கும். மோட்டார் திணறும், வயர் சுடும், கம்ப்ரஸர் மட்டம் என்று நாம் திட்டுவோம். என் வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: பேட்டரியில் 13.9, கம்ப்ரஸர் முனையில் 13.4.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ். அதற்கு அடுத்து ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச். ஃப்யூஸ் கம்ப்ரஸரைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால்தான் அது பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் பக்கத்தில் வைத்தால் நடுவில் எங்காவது வயர் உரசித் தகட்டைத் தொட்டால் தடுக்க ஒன்றும் இருக்காது.

#2 பழைய ஜிப்ஸி, கம்மனஹள்ளி

தம்பி, நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு கேள்வி. வயர் தகட்டைத் தாண்டி உள்ளே வரும் இடத்தில் என்ன போட்டீர்கள்? ஜிப்ஸியில் அந்த ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும்.

#3 சாம்பல் தார்

அண்ணா, ஏற்கெனவே இருந்த ரப்பர் கிராமெட்டில் ஓட்டை போட்டு அதன் வழியாகவே எடுத்தேன். வயர் முழுவதற்கும் நெளி நெளியான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கேபிள் டை. கிராமெட் இருக்கும் இடத்தில் மட்டும் அதற்கு மேலே துணி டேப் இரண்டு சுற்று.

#4 ஹெப்பாள் ஹைவே

தப்பாக நினைக்காதீர்கள், ஒரு சந்தேகம். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஹைவேக்கு வந்தால் பத்து இருபது கிலோமீட்டரில் ஒரு பங்க் இருக்கும். மெதுவாக ஓட்டி வந்து அங்கேயே காற்று அடித்துக்கொள்ளலாமே. நான் நாலு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

#5 பழைய ஜிப்ஸி

சார், இதை நீங்கள் கேட்டது நல்லது. நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

18 பிஎஸ்ஐ-யில் ரோட்டில் ஓடும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. வேகம் கூடக்கூடச் சூடு கூடும். உள்ளே இருக்கும் நூலிழைக்கும் ரப்பருக்கும் ஒட்டு விட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பங்க்கில் 32 அடித்துவிட்டால் டயர் புதுசு மாதிரி நிற்கும். என் தம்பி வண்டியில் இப்படி நடந்தது. பங்க் வரைக்கும் முப்பது கிலோமீட்டர் ஓட்டினான், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் கழித்து கிருஷ்ணகிரி இறக்கத்தில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. டயரைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் ரப்பர் தூள் தூளாக, கைப்பிடி அளவுக்கு இருந்தது. வண்டியில் எங்கள் அம்மா இருந்தார். கடவுள் புண்ணியம், அவன் மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

மண்ணிலும் பாறையிலும் 18-ல் ஓட்டலாம், ஏனென்றால் அங்கே வேகம் பத்து பதினைந்துதான். ரோடு ஏறும் இடத்திலேயே காற்று அடிக்க வேண்டும்.

#6 ஹெப்பாள் ஹைவே

அந்த ரப்பர் தூள் விஷயத்தைப் படித்ததும் என் டயர்களைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. நன்றி அண்ணா.

#7 அல்சூர் ஜிம்னி

அண்ணா, எனக்கு ஜிம்னி, 195/80 ஆர்15. எனக்கும் இந்த 30 ஆம்பியர் கம்ப்ரஸர்தான் வேண்டுமா? பானட்டுக்குள்ளேயும் பின்னாலேயும் இடம் கம்மி. நான் 16-க்கு இறக்கி 26-க்கு ஏற்றுவேன்.

#8 கணக்கு டீச்சர், ஜெயநகர்

இதற்குக் கணக்கு போட்டே பதில் சொல்லலாம், நான் போட்டுத் தருகிறேன்.

தாரின் டயருக்குள் இருக்கும் இடம் ஏறக்குறைய 65 லிட்டர். ஜிம்னி டயரில் 40 லிட்டர் அளவு. டயரின் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை, நாம் வெளிக்காற்றை உள்ளே திணிக்கிறோம். எத்தனை பிஎஸ்ஐ ஏற்றுகிறோமோ அதை வெளிக்காற்றின் அழுத்தத்தால் வகுத்து, டயரின் கொள்ளளவால் பெருக்கினால் எத்தனை லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று வரும்.

இங்கே நம் ஊரின் விசேஷம் ஒன்று உண்டு. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. பெங்களூர் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 13.2 அளவுதான். காற்று மெலிசு. கம்ப்ரஸரின் ஒவ்வொரு அடிக்கும் சென்னையில் உள்ளே போகும் காற்றில் பத்தில் ஒன்பது பங்குதான் இங்கே போகும்.

தார்: 18-லிருந்து 32, அதாவது 14 பிஎஸ்ஐ. 14-ஐ 13.2-ஆல் வகுத்து 65-ஆல் பெருக்கினால் ஒரு டயருக்கு 69 லிட்டர். நான்கு டயருக்கு 276. ஜிம்னி: 10 பிஎஸ்ஐ, ஒரு டயருக்கு 30 லிட்டர், நான்குக்கும் சேர்த்து 120.

தங்கச்சிக்கு வேலை பாதிக்கும் குறைவு. பெட்டியில் 35 லிட்டர் என்று போட்டிருக்கும் ஒற்றை சிலிண்டர் கம்ப்ரஸர் போதும். அந்த 35 என்பது எதிர்ப்பே இல்லாமல் திறந்த காற்றில் அளந்தது. டயருக்குள் தள்ளும்போது 25 கிடைத்தாலும் ஐந்து நிமிட வேலை. ஆனால் அதுவும் 15 ஆம்பியர் பக்கம் இழுக்கும். லைட்டர் சாக்கெட் வேண்டாம், நேராகப் பேட்டரியில் கிளிப் போடுங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இன்னொன்று, இது பலர் கேட்டது. இங்கே 32 வைத்துவிட்டு சென்னை போய்ப் பார்த்தால் கேஜ் குறைவாகக் காட்டுகிறது, காற்று இறங்குகிறதோ என்று பயப்படுகிறார்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை. வெளியே 1.5 கூடினால் கேஜில் 1.5 குறையும். சென்னை வெயில் 10 டிகிரி அதிகமாக இருந்தால் டயருக்குள் ஏறத்தாழ அதே 1.5 கூடி சரியாகிவிடும்.

#9 அல்சூர் ஜிம்னி

டீச்சர், ரொம்ப நன்றி. 7,000 ரூபாய்க்கு மேல் போடத் தயாராக இருந்தேன். அது மிச்சம்.

#10 தேவனஹள்ளி மண்

கம்ப்ரஸரோடு ஒரு டேங்க் வைத்தால்? வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போய்விடலாம், அங்கே சட்டென்று அடித்துவிடலாம் என்று யோசனை. 10 லிட்டர் டேங்க் பார்த்து வைத்திருக்கிறேன்.

#11 கணக்கு டீச்சர்

அதே கணக்குதான். 10 லிட்டர் டேங்கை 120 பிஎஸ்ஐ வரை நிரப்பினால், 32-க்கு மேல் நமக்குப் பயன்படுவது 88. 88-ஐ 13.2-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 67 லிட்டர். தார் டயர் ஒன்றுக்கே காணாது. டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்து மட்டும் வைக்கும். மீதி மூன்று டயருக்கும் கம்ப்ரஸர்தான் ஓட வேண்டும்.

#12 பீன்யா லேத்

டேங்க் தேவைப்படும் ஆட்கள் இருக்கிறார்கள். ரிம்மிலிருந்து பீடு (டயரின் உள்விளிம்பு) கழன்றுவிட்டால் அதை மீண்டும் உட்கார வைக்க ஒரே வீச்சில் நிறைய காற்று வேண்டும், சின்ன கம்ப்ரஸருக்கு அந்த வீச்சு கிடையாது. அதற்கு டேங்க் நல்லது. வைப்பதாக இருந்தால் சில விஷயங்களில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

நான் நியூமேட்டிக் வேலையில் பதினெட்டு வருடம். டேங்க் என்றால் பிரஷர் டெஸ்ட் செய்த டேங்க் மட்டும். பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் கூடு இவற்றை வெல்டு செய்து பொருத்துகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அது நமக்குப் பின்னால் குழந்தைகள் உட்காரும் இடம். சேஃப்டி வால்வு கட்டாயம். பிரஷர் சுவிட்ச் 120-ல் நிற்கும் என்றால் சேஃப்டி வால்வு 150-ல் திறக்கும்படி வையுங்கள். சுவிட்ச் ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும் நாள் வரும், அன்றைக்கு அது ஒன்றுதான் காப்பாற்றும். டேங்கின் அடியில் டிரெயின் காக் இருக்கட்டும். அமுக்கிய காற்று ஆறும்போது தண்ணீர் விடும். பெங்களூர் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் டம்ளர் அடியில் நிற்கும் அளவு வரும். அதை விட்டுவைத்தால் இரும்பு உள்ளிருந்து அரிக்கும்.

சாம்பல் தார் தம்பி, உங்கள் ஃபிட்டிங் என்ன திரெட்?

#13 சாம்பல் தார்

கால் இன்ச் என்று கேட்டு வாங்கினேன் சார். ஒன்று மட்டும் லீக். டெஃப்லான் டேப் எவ்வளவு சுற்றினாலும் சோப்புத் தண்ணீரில் குமிழி வருகிறது.

#14 பீன்யா லேத்

நினைத்தேன். கால் இன்ச்சில் இரண்டு ஜாதி உண்டு. நம் கடைகளில் கிடைப்பது பிஎஸ்பி, இன்ச்சுக்கு 19 புரி. வெளிநாட்டுக் கம்ப்ரஸரோடு வருவது பெரும்பாலும் என்பிடி, இன்ச்சுக்கு 18 புரி. கையில் எடுத்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டது, சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் புரி புரியை வெட்டிக்கொண்டிருக்கும். டேப் சுற்றுவதால் சரியாகாது. கம்ப்ரஸர் வாயில் என்பிடியிலிருந்து பிஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று போடுங்கள், அதற்குப் பிறகு எல்லாம் நம் ஊர்ச் சாமான் போட்டுக்கொள்ளலாம். கம்ப்ரஸரிலிருந்து வரும் முதல் ஒன்றரை அடிக்கு பியூ டியூப் (பிளாஸ்டிக் காற்றுக் குழாய்) வேண்டாம். அங்கே காற்று கொதிக்கும், டியூப் இளகி ஃபிட்டிங்கிலிருந்து கழன்று வரும். மெட்டல் பின்னல் போட்ட ஹோஸ் போடுங்கள்.

#15 பழைய ஜிப்ஸி

இதைப் படிக்கும்போது 2009-ல் நான் செய்தது ஞாபகம் வருகிறது. பழைய கார் ஏசி கம்ப்ரஸர் ஒன்றை ஜிப்ஸி என்ஜினில் பெல்ட் போட்டு ஓட்டினேன். காற்று வெள்ளம் மாதிரி வந்தது, இன்றைக்கும் எந்த மின்சாரக் கம்ப்ரஸரும் அந்த வேகத்துக்கு வராது. ஆனால் ஏசியில் அந்தக் கம்ப்ரஸருக்கு எண்ணெய் கேஸோடு சேர்ந்து சுற்றி வரும். வெறும் காற்றை இழுக்கும்போது எண்ணெய் எங்கிருந்து வரும்? வாரம் ஒருமுறை ஊற்றினேன். ஊற்றிய எண்ணெய் ஹோஸ் வழியாக டயருக்குள் போனது. ஒரு வாரம் மறந்தேன், ஜாம் ஆகிப் பெல்ட் அறுந்தது. அடியில் தனியாக எண்ணெய்த் தொட்டி உள்ள யார்க் மாதிரி பழைய வகை கிடைத்தால் மட்டும் அந்த வழியில் போகலாம்.

நண்பர் ஒருவர் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வைத்திருக்கிறார். 5 கிலோவில் 2,700 லிட்டர் கேஸ் வரும். டீச்சர் கணக்குப்படி தாருக்கு ஒன்பது தடவைக்கு மேல் காணும். வயர் வேலையே இல்லை. நான் வைக்க மாட்டேன். மூடிய வண்டி வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரி தாண்டும். அந்தக் கேஸ் 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும். கேபினுக்குள் கசிந்தால் வாசனையும் கிடையாது. திறந்த ஜீப்பில் பின்னால் கட்டி வைக்கிறவர்களுக்கு வேண்டுமானால் சரி.

#16 கே.ஆர்.புரம் தார்

தாமதமாக வருகிறேன். வயரைப் பற்றி முதல் பதிவில் எழுதியதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள்.

ஊரில் ஒரு கடையில் கம்ப்ரஸர் மாட்டக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள், சுவிட்ச் கூட அழகாக இருந்தது. இரண்டாவது தடவை போட்டபோது டேஷ்போர்டு அடியிலிருந்து மீன் கருகுகிற மாதிரி ஒரு வாசம். ஃபாக் லேம்ப்புக்குப் போகும் வயரைக் கீறி, அதிலிருந்தே கம்ப்ரஸருக்கு எடுத்திருக்கிறார்கள். 15 ஆம்பியர் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கும் என்று அதை எடுத்துவிட்டு 30 சொருகியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவும் இல்லை. மேல்தோல் உருகி மூன்று வயர் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. நான் வண்டியில் இருந்ததால் உடனே நிறுத்தினேன். பெண் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ரிலே எப்படி இணைப்பது என்று கொஞ்சம் விளக்க முடியுமா? இந்த முறை நானே செய்யப் போகிறேன்.

#17 சாம்பல் தார்

அண்ணா, படிக்கவே பதறுகிறது. யாருக்கும் ஆபத்து வராததே பெரிய விஷயம்.

ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும். பேட்டரி, அடுத்து 40 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து தடித்த வயர் ரிலேயின் 30-க்கு. 87-லிருந்து தடித்த வயர் பின்னால் கம்ப்ரஸருக்கு. 85 நெகட்டிவுக்கு. 86-க்கு டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து ஒரு மெலிந்த வயர். அந்தச் சுவிட்சுக்கு மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரும் ஒரு ஃப்யூஸிலிருந்து, ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் சொருகிக் கூடுதல் வயர் எடுக்கும் துண்டு) வைத்து எடுத்தேன். எந்த வயரையும் கீறவில்லை, கழற்றினால் வண்டி பழைய மாதிரியே இருக்கும்.

சுவிட்ச் வழியாக ஓடுவது கால் ஆம்பியர் கூட இல்லை. 30 ஆம்பியரும் டேஷ்போர்டு பக்கமே வராது. ரிலேயைப் பேட்டரி பக்கத்தில் வைத்ததால், கம்ப்ரஸர் ஓடாத நேரத்தில் உள்ளே ஓடும் தடித்த வயரில் மின்சாரமே இருக்காது. அது எனக்குப் பெரிய நிம்மதி.

வயர் நுனியில் லக் (உலோக முனை) அடிப்பதற்கு மட்டும் கட்டிங் பிளேயரை வைத்து நசுக்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன், இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிட்டது. எஸ்.பி. ரோட்டில் சரியான கிரிம்பிங் கருவி வாங்கித் திரும்பச் செய்தேன்.

#18 தேவனஹள்ளி மண்

டேங்க் யோசனையைக் கைவிட்டேன். வேறு ஒன்று. மிலிட்டரி லாரிகளில் ஓடும்போதே உள்ளிருந்து காற்றை ஏற்றி இறக்குவார்களே, அது நமக்கு முடியாதா?

#19 பீன்யா லேத்

இரண்டாம் உலகப் போரிலேயே, 1942-ல் வந்த டக் என்ற அமெரிக்க நீர்நில லாரியில் ஓட்டுநர் சீட்டிலிருந்தே டயர் காற்றை மாற்றும் வசதி இருந்தது. கடலிலிருந்து மணலில் ஏறும்போது இறக்குவார்கள், ரோட்டில் ஏற்றுவார்கள். சுற்றுகிற ஹப்புக்குள் நிற்கிற குழாயிலிருந்து காற்றைக் கொண்டுபோக வேண்டும், அங்கே சுழலும் சீல் வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் அந்த சீல் தேயும். அந்த ஹப்பே அதற்காக வடிவமைத்தது. தாரின் ஹப்பில் துளை போட்டு அதைச் செய்ய நான் யாருக்கும் வேலை செய்து தர மாட்டேன்.

அதற்குப் பக்கத்தில் வரக்கூடியது நாலு வழி ஹோஸ். நான்கு டயரிலும் ஒரே சமயம் மாட்டலாம்.

#20 சாம்பல் தார்

அதைத்தான் போன வாரம் செய்து முடித்தேன். நடுவில் ஒரு மேனிஃபோல்டு, அதிலிருந்து நான்கு கிளை, ஒவ்வொன்றின் நுனியிலும் வால்வில் திருகி மாட்டும் முனை. நடுவில் ஒரு கேஜ், காற்றை வெளியேற்ற ஒரு பால் வால்வு. இறக்கும்போதும் இதே ஹோஸ்தான்: நான்கையும் மாட்டி வால்வைத் திறந்தால் நான்கும் ஒன்றாக இறங்கும். எல்லாம் ஒரே அழுத்தத்துக்கு வந்துவிடும், ஒவ்வொன்றாகக் குனிந்து அளக்க வேண்டியதில்லை.

இரண்டு விஷயம் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது. கம்ப்ரஸர் ஓடும்போது கேஜ் காட்டுவது ஹோஸில் இருக்கும் அழுத்தம், டயரில் இருப்பது அதைவிடக் குறைவு. 32 காட்டியதும் நிறுத்தினேன், அரை நிமிடத்தில் 28-க்கு வந்து நின்றது. நிறுத்தி, காத்திருந்து, அப்புறம் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு டயர் பஞ்சர் என்றால் அதை மாட்டவே கூடாது. நான்கும் ஒரே குழாயில் இருப்பதால் மற்ற மூன்றும் அதன் வழியாகவே இறங்கிவிடும்.

#21 பழைய ஜிப்ஸி

தம்பி, ஏற்ற எவ்வளவு நேரம் ஆயிற்று?

#22 சாம்பல் தார்

நேற்று அதே கோலார் நிலத்துக்குப் போய்விட்டு வந்தோம் அண்ணா. அதே மேடு, அதே 18. திரும்பும்போது ரோடு ஏறும் இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். நான்கு டயருக்கும் சேர்த்து 18-லிருந்து 32, நடுவில் நிறுத்திப் பார்த்த நேரமும் சேர்த்து ஏழு நிமிடம். வயரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு கூட இல்லை. ஃப்யூஸ் ஹோல்டரும் அப்படியே. பீன்யா சார் சொன்ன அடாப்டர் போட்ட பிறகு சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழி இல்லை.

மூத்தவளுக்கு ஒன்பது வயது. முன் டயர் இரண்டிலும் அவள்தான் முனையைத் திருகி மாட்டினாள், வால்வு மூடிகளை எண்ணிப் பையில் போட்டு வைத்திருந்தாள்.

கே.ஆர்.புரம் அண்ணா, ஞாயிறு காலை நான் வீட்டில்தான் இருப்பேன். வண்டியைக் கொண்டுவாருங்கள். கிரிம்பிங் கருவி, மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது. 10 சதுர மி.மீ. வயர் மட்டும் சிவப்பில் 6 மீட்டர், கறுப்பில் 6 மீட்டர் வாங்கிவாருங்கள். உருகிய அந்தப் பழைய வயரையும் எடுத்து வாருங்கள், எதுவரை வெட்டி எறிய வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம்.

#23 கே.ஆர்.புரம் தார்

வருகிறேன் தம்பி. ஒன்பது மணிக்கு.